போல்ட் இறுக்கமும் என் அவசர வாயும்

பாபநாசம்
ஞாயிறு மதியம்

அன்புள்ள டமாலு,

இங்கு எல்லோரும் நலம். டெக்சாஸில் நீங்களும் அப்படியே என்று நினைக்கிறேன். உன் அண்ணிக்கு முழங்கால் வலி தேவலை. குறுவை அறுத்தாச்சு. நெல் ரோட்டில் காய்கிறது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள், வானமோ மூன்று நாளாக மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறது. ஊர்ச் செய்தி அவ்வளவுதான். மூக்கன் இன்னும் அதே கடையில் அதே கடனில் டீ குடிக்கிறான்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் பாதியில் ‘தெரியும், தெரியும்’ என்பாய். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது. அதனால் எழுதுகிறேன்.

மூன்று வாரத்துக்கு முன் நீ கூப்பிட்டபோது லேத்தில் அறுவடை மெஷின் ஷாஃப்ட் ஓடிக்கொண்டிருந்தது. புது ரைஃபிள் வந்துவிட்டது, கஸ்டம் ஆக்ஷன் (தோட்டாவை ஏற்றிப் பூட்டும் பொறி, தனியாகச் செய்தது), பார்க்க வெண்ணெய் மாதிரி இருக்கிறது, ஆனால் தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டின் கைப்பிடியைத் தூக்க உள்ளங்கையால் குத்த வேண்டியிருக்கிறது என்றாய். நான் என்ன சொன்னேன்? ‘புதுசு அப்படித்தான்டா, இருநூறு தடவை இழுத்து அடி, பழகிடும்.’ முப்பத்து நாலு வருஷம் திருச்சி துப்பாக்கி ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்தவன் சொல்கிற பேச்சா இது? என்னிடம் வேலை பழகும் பையன் இப்படிச் சொல்லியிருந்தால் வெளியே நிற்க வைத்திருப்பேன்.

வியாழக்கிழமை மேலத்தெருப் பையன் ஒருவன் பவர் டில்லரைத் தள்ளிக்கொண்டு வந்தான். கியர் பாக்ஸைப் பிரித்து, சுத்தம் பண்ணி, மூடியிருக்கிறான். அதிலிருந்து லீவர் கல் மாதிரி நிற்கிறது. ‘புது கேஸ்கெட் மாமா, ஓட ஓட சரியாயிடும்னு விட்டுட்டேன்’ என்றான். என் வசனம்! மூடியைக் கழற்றினால், ஒரு ஸ்க்ரூ தொலைந்துபோக, கையில் கிடைத்ததை மாட்டியிருக்கிறான். கால் அங்குலம் நீளம் கூட. அது துளையைத் தாண்டி உள்ளே மூக்கை நீட்டி, பல்சக்கரத்தைத் தின்றிருக்கிறது. ஓட ஓட சரியாகியிருக்காது, ஓட ஓட செத்திருக்கும்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. குறி பார்க்கும் ஸ்கோப்புக்கு அடியில் இருக்கும் ரெயிலை நீயே மாட்டினேன் என்றாயே, அது ஞாபகம் வந்துவிட்டது. எந்த ஸ்க்ரூவைப் போட்டாய்? கூட வந்ததையா, டப்பாவில் கிடந்ததையா? உன்னை எனக்குத் தெரியும். நீ டப்பா ஆள்.

ரெயிலின் முன்பக்க ஸ்க்ரூ துளைக்குக் கீழேதான் போல்ட்டின் லக் (பூட்டிப் பிடிக்கும் பல்) சுற்றும் இடம். ஒரு மறை அதிகமாக இறங்கினால் போதும், ஸ்க்ரூவின் நுனி லக்கை உரசும். கைப்பிடியைத் தூக்கும்போது அது பிரேக் போட்ட மாதிரி பிடிக்கும். லக்கின் தலையில் பளபளவென்று ஒரு கீறல் இருந்தால் குற்றவாளி அதுதான். அந்த ஒரு ஸ்க்ரூவைக் கழற்றிவிட்டுத் தூக்கிப் பார். சட்டென்று லேசானால் எனக்கு ஒரு கிலோ பாதாம் அனுப்பு.

குற்றவாளி அந்த ஸ்க்ரூ இல்லையென்றால் பொறுமையாக ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். முதலில் மேகசினை எடுத்து வை, தோட்டா உட்காரும் சேம்பருக்குள் விரலை விட்டுப் பார். கண்ணால் பார்த்தேன் என்று சொல்லாதே, விரலை விடு. பிறகு போல்ட்டிலிருந்து தோட்டாவைக் குத்தி வெடிக்க வைக்கும் ஃபயரிங் பின், அதன் ஸ்பிரிங் எல்லாவற்றையும் சேர்த்துக் கழற்று. வெறும் போல்ட்டை உள்ளே விட்டு மூடித் திற. இப்போது கைப்பிடி ஒற்றை விரலுக்கு எழ வேண்டும். எழவில்லை என்றால் உலோகம் உலோகத்தோடு சண்டை போடுகிறது: ஸ்க்ரூ, லக், போல்ட் ஓடும் தடம், இவற்றில் ஏதோ ஒன்று. லேசாக எழுந்தால் போல்ட்டின் உடம்பில் கோளாறு இல்லை. இறுக்கம் ஸ்பிரிங்கை ஏற்றும் வேலையில் இருக்கிறது.

குடந்தை காலேஜ் என்.சி.சி.யில் நாம் .303 பிடித்தோமே, உன் தோள்பட்டை நாவல்பழம் மாதிரி கன்னிப்போய், உன் அம்மா சுபேதாரைத் தேடிக்கொண்டு மைதானத்துக்கே வந்தாரே, அந்த .303 போல்ட் எவ்வளவு லேசாக எழும்! அதில் ஸ்பிரிங் ஏறுவது போல்ட்டை முன்னே தள்ளி மூடும்போது. பாரம் தள்ளும் கைக்கு, தூக்கும் கைக்கு அல்ல. 1898 மாடல் மௌசர் ரைஃபிளில் தலைகீழ்: கைப்பிடியைத் தூக்கும்போதே ஸ்பிரிங் ஏறிவிடும். இப்போது வருகிற கஸ்டம் ஆக்ஷன்கள் பெரும்பாலும் அந்த வழிதான். ஆக, உன் கைப்பிடி ஒரு நெம்புகோல். போல்ட்டின் பின்னால் வெட்டிய சரிவில் ஃபயரிங் பின்னின் வால் ஏறுகிறது, சாதாரணமாகப் பத்துக் கிலோவுக்குப் பக்கமாக இருக்கும் ஸ்பிரிங்கை அமுக்கிக்கொண்டு.

இதில் உன் பெருமை வேறு. ‘கைப்பிடி சுழல்வது 90 டிகிரி இல்லடா, 60 டிகிரிதான், ஸ்கோப்பில் கை இடிக்காது’ என்று குதித்தாய். மூன்று லக் ஆக்ஷன் என்றால் 60 டிகிரிதான். ஆனால் ஸ்பிரிங் அதேதான், அமுக்க வேண்டிய தூரமும் ஏறக்குறைய அதேதான். 90 டிகிரியில் ஏறுகிற மேட்டை 60 டிகிரியில் ஏறச் சொன்னால் சரிவு செங்குத்தாகத்தானே இருக்கும்? சைக்கிளில் கொள்ளிடம் கரை ஏறியவனுக்கு இதைச் சொல்ல வேண்டுமா! ஆகவே கொஞ்சம் பாரம் அதன் பிறவிக் குணம். அதை நோய் என்று நினைக்காதே. உள்ளங்கையால் குத்த வேண்டியிருக்கிறது என்றாயே, அதுதான் நோய்.

அதற்கு முதல் மருந்து கிரீஸ். புது ஆக்ஷனைக் கண்ணாடி மாதிரி துடைத்து, ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டு வைத்திருப்பாய். எண்ணெய் அங்கே நிற்காது. ஸ்டெயின்லெஸ் மேல் ஸ்டெயின்லெஸ் அழுத்தி உரசினால் ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும், ஒரு தடவை கடித்தால் தழும்பு போகாது. சரிவிலும், லக்குகளின் பின்முகத்திலும் அரிசி அளவு மாலி கிரீஸ் (மாலிப்டினம் கலந்தது) வை. சேம்பரை மட்டும் உலர்ந்த துணியால் துடைத்துவிடு. அங்கே பிசுக்கு இருந்தால் தோட்டாக் கூடு சுவரைப் பற்றாமல் பின்னால் வழுக்கி, போல்ட்டின் மேல் பாரத்தைக் கூட்டும்.

டிரிகரை வேறு கம்பெனியிலிருந்து வாங்கி மாட்டினாயா? போல்ட் மூடும்போது ஃபயரிங் பின்னின் வாலைப் பிடித்துக்கொள்ளும் நாக்கு ஒரு மயிரிழை தள்ளியிருந்தால் இரண்டும் மோதிக்கொள்ளும். அது ஆக்ஷன் செய்தவர் பார்க்க வேண்டிய வேலை. நீ கை வைக்காதே.

கையோடு கையாக எமரித் தாளை எடுப்பாய் என்பதும் எனக்குத் தெரியும். எடுக்காதே டமாலு. சரிவின் மேல்தோல் கடினப்படுத்தியதாக இருக்கலாம். தேய்த்தால் அது போய், உள்ளே இருக்கும் மெத்தென்ற இரும்பு குழி விழும். லக்கைத் தேய்த்தால் இன்னும் மோசம், தோட்டாவின் பிட்டத்துக்கும் போல்ட் முகத்துக்கும் இருக்கும் இடைவெளி கூடிவிடும். அந்தத் துப்பாக்கிக் காசுக்கு நல்ல கறவை மாடு எத்தனை வரும் என்று உன் அண்ணி கேட்டாள். நாலு என்றேன். நாலு மாட்டை எமரித் தாளால் தேய்ப்பாயா?

இதுவரை சொன்னது எல்லாம் காலித் துப்பாக்கி. எனக்குத் தூக்கம் போனது இனிமேல் சொல்லப்போவதால்.

காலியாக இருக்கும்போது இறுக்கமா, சுட்ட பிறகு இறுக்கமா? இதை நான் அன்று கேட்கவே இல்லை. காலியில் லேசாக எழுந்து, சுட்ட பிறகு மட்டும் இறுகினால் குற்றம் ஆக்ஷனில் இல்லை, தோட்டாவில். நீ கூட்டில் வெடிமருந்தும் குண்டும் வைத்துத் தோட்டாவை வீட்டிலேயே அடைக்கிற ஆள். 6.5 கிரீட்மோர் என்ற உன் தோட்டா வகைக்கு அமெரிக்காவில் வகுத்த அழுத்த எல்லை சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. நம் .303க்கு 49,000. எல்லைக்குள் இருந்தால் பித்தளைக் கூடு உப்பி, சேம்பர் சுவரில் ஒட்டி, குண்டு போனதும் ஒரு மயிரளவு சுருங்கி விலகும். எல்லை மீறினால் சேம்பரும் கொஞ்சம் விரிந்து, திரும்ப வரும்போது கூட்டை முதலை மாதிரி கவ்விக்கொள்ளும். அப்போதுதான் உள்ளங்கைக் குத்து தேவைப்படும். டெக்சாஸ் வெயிலில் தோட்டாப் பெட்டியை வண்டி டேஷ்போர்டில் வைத்திருந்தால் வெடிமருந்து சூடேறி அழுத்தம் இன்னும் கூடும்.

சுட்ட கூடுகளைக் குப்பையில் போட்டிருக்க மாட்டாய், தகர டப்பாவில் இருக்கும். எடுத்துப் பார். பிரைமர் (கூட்டின் அடியில் ஃபயரிங் பின் குத்தும் பொட்டு) விளிம்பு வரை தட்டையாகியிருக்கிறதா? கூட்டின் அடியில், சுட்ட கூட்டை வெளியே தள்ளும் எஜெக்டரின் துளை வட்டமாகப் பளபளவென்று பதிந்திருக்கிறதா? இரண்டில் ஒன்று இருந்தாலும் மிச்சத் தோட்டாவைச் சுடாதே. பிரித்து, மருந்தைக் குறைத்து, கீழிருந்து மறுபடி ஏறி வா. அந்த அடையாளம் எதுவும் இல்லாமல், கைப்பிடி முக்கால்வாசி லேசாக எழுந்து, உச்சியில் மட்டும் ‘டக்’ என்று சிக்கினால் அது வேறு. பலமுறை சுட்ட கூட்டின் அடிப்பாகத்தை உன் டை (கூட்டை மறுபடி அளவுக்கு அமுக்கும் அச்சு) முழுசாகச் சுருக்கவில்லை என்று அர்த்தம். அல்லது கைப்பிடியின் வேர், போல்ட் ஓடும் ரிசீவரின் சரிவில் சாய்ந்து கூட்டைப் பெயர்த்துக் கொடுக்க வேண்டிய வேலையைச் செய்யவில்லை. முன்னதுக்கு டையை மாற்று, பின்னதுக்கு ஆக்ஷன் செய்தவருக்கு எழுது.

பழகிடும் என்று நான் சொன்ன பேச்சை நம்பி எத்தனை ரவுண்டு சுட்டாய்? இதற்கு மட்டும் உடனே பதில் போடு, ஒரு எண் போதும். கண்ணாடி போட்டுக்கொண்டு சுடுகிறாயா என்பதையும் எழுது.

அப்புறம், வீடியோ அனுப்பினால் நாலாக அனுப்பு: ஃபயரிங் பின் கழற்றியது, ஃபயரிங் பின் மாட்டியது, அடைத்த தோட்டா, சுட்ட கூடு. அடைத்த தோட்டாவைத் துப்பாக்கி சுடும் ரேஞ்சில் வைத்து மட்டும் எடு. கேமரா கைப்பிடியைப் பார்க்கட்டும். போன தடவை ஒரு நிமிஷம் முழுக்க உன் மூஞ்சியை எடுத்து அனுப்பியிருந்தாய், இறுக்கம் அதிலும் தெரிந்தது, ஆனால் எந்த இடம் என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

மழை தூற ஆரம்பிக்கிறது. நெல்லை மூடப் போகிறேன்.

உன்,
லேத்து