நின்றவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். ஒரே நாற்சந்தியை ஓராண்டுக்கும் மேலாகப் படமெடுத்து, அவற்றுள் 31 படங்களைத் தேர்ந்து, பத்து நாள்கள் அனைவர் பார்வைக்கும் வைத்திருந்த ஒளிப்படக் காட்சி சென்ற ஞாயிற்றுக்கிழமை நிறைவுற்றது. பார்க்க வந்தவர்களில் பலர், "இந்த யோசனை உங்களுக்கு எப்படித் தோன்றியது?" என்று கேட்டார்கள். கூட்டத்தின் நடுவே நின்றுகொண்டு அதற்கு நேர்மையான பதில் சொல்ல முடியாமல் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். பாதி யோசனை பிறர் எடுத்த படங்களிலிருந்து வந்தது. மீதியை என் படங்களில் நின்றவர்களே சொல்லித் தந்தார்கள். அந்தக் கடனை எழுத்திலாவது ஒப்புக்கொள்வதற்காகவே இந்த மடலை எழுதுகிறேன்.

முதல் நன்றி நூலகர் அம்மையாருக்கு. அப்போது நான் நகரத்தைப் படமெடுப்பதாக நினைத்துக்கொண்டு, மழை நின்ற சாலையில் விழும் விளக்கொளியையும் கண்ணாடிக் கட்டடங்களில் தெரியும் மேகத்தையும் எடுத்துக் குவித்துக்கொண்டிருந்தேன். பார்த்தவர்கள் எல்லாரும் அழகு என்றார்கள், எனக்கே அலுத்துவிட்டது. அந்த அலுப்பை அவரிடம் சொன்னபோது, அவர் ஆறுதல் எதுவும் கூறாமல், ஒளிப்பட வரலாற்றுத் தொகுதி ஒன்றை எடுத்து வந்து, 1838-ஆம் ஆண்டு பாரிஸ் நகரத்தில் ஒளிப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவரான லூயி டகேர் எடுத்த ஒரு தெருப் படத்தைத் திறந்து வைத்துவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

வண்டிகளும் ஆள்களும் ஓயாது போய்வரும் பெருந்தெரு அது. படத்திலோ ஈ காக்கை இல்லை. தகட்டில் ஒளி பதியச் சில நிமிடங்கள் பிடித்த காலம் என்பதால், நடந்தவர்களும் ஓடிய வண்டிகளும் அதில் தடயமே இல்லாமல் கரைந்துபோனார்கள். இடப்பக்க மூலையில் ஒரே ஒருவர் மட்டும் ஒரு காலைச் சற்று உயர்த்தி நிற்கிறார். காலணிக்கு மெருகு போட்டுக்கொள்வதற்காக அசையாமல் நின்றதால் அவர் பதிந்துவிட்டார். மறு ஆண்டே இந்தப் படத்தைப் பார்த்த, தந்திக் கருவியால் பெயர்பெற்ற அமெரிக்கர் சாமுவேல் மோர்ஸ், இப்படி ஒருவரைத் தவிர தெரு முழுவதும் வெறிச்சோடிக் கிடப்பதை வியந்து எழுதியிருக்கிறார். அப்படி நின்றவரின் காலடியில் குனிந்து மெருகு போட்டவரும் படத்தில் இல்லாமல் இல்லை. ஆனால் வேலை செய்து அசைந்துகொண்டிருந்ததால் வெறும் கறையாகத் தெரிகிறார். அன்று அந்தக் கறையை நான் பொருட்படுத்தவில்லை. நின்றால் பதியலாம் என்ற ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு வீடு திரும்பினேன்.

அடுத்த நன்றி, ஒளியைக் குறைக்கும் தம்முடைய என்.டி. ஃபில்டரையும், கேமராவைத் தாங்கும் ட்ரைபாடையும் "திருப்பித் தர அவசரமில்லை" என்று சொல்லிக் கொடுத்த நண்பருக்கு. அந்தச் சொல்லை நான் அளவுக்கு மீறிப் பயன்படுத்திக்கொண்டேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன். ஒளியை ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்கும் அந்தக் கறுப்புக் கண்ணாடியை லென்ஸின் முன் மாட்டினால், அறுபதில் ஒரு நொடியில் முடியவேண்டிய படத்திற்குப் பதினாறு நொடிகளுக்கு மேல் தேவைப்படும். பட்டப்பகலில் ஒரு நாற்சந்தியைக் காலியாக்க அது போதும். ரஷ்ய ஒளிப்படக் கலைஞர் அலெக்சி டிடாரென்கோ 1990-களின் தொடக்கத்தில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் எடுத்த படங்களைக் காட்டியவரும் இதே நண்பர்தான். சுரங்க ரயில் நிலையப் படிக்கட்டில் மனிதக் கூட்டம் புகையாகத் திரண்டு நிற்க, கைப்பிடிக் கம்பியைப் பற்றிய சில கைகள் மட்டும் அந்தப் புகைக்குள்ளிருந்து தெரிகின்றன. ஜெர்மானிய ஒளிப்படக் கலைஞர் மிகேல் வேசெலி, கேமராவுக்குள் ஒளியை விடும் ஷட்டரை ஆண்டுக்கணக்கில் திறந்தே வைத்து எடுத்த கட்டுமானப் படங்களையும், வானத்தில் சூரியன் இழுத்த கோடுகளையும் அவர் வழியாகவே அறிந்தேன். அவற்றை வியந்தேன் என்றாலும், மனிதர் அறவே இல்லாத நகரம் என் வழியல்ல என்பதும் அப்போதே தெரிந்துவிட்டது.

இனி, இந்தக் காட்சியில் பெரும்பகுதிக்கு உரியவரான, நாற்சந்தியின் ஓரத்தில் செருப்புத் தைக்கும் பெரியவருக்கு வருகிறேன். என் முதல் நல்ல படம் என்று நான் நம்பியது அவரை எடுத்ததுதான்: சுற்றிலும் கூட்டம் பனிபோல் ஓட, நடுவில் அவருடைய முகமும் தோளும் மடித்த காலும் கல்லில் செதுக்கியதுபோல் நின்றன. பெருமையுடன் ஒரு பிரதி எடுத்துச் சென்று கொடுத்தேன். அவர் அதைக் கண்ணுக்கு அருகில் வைத்து நெடுநேரம் பார்த்துவிட்டு, "ஆள் இருக்கிறேன் தம்பி, கை எங்கே? கை இல்லாமல் நான் இங்கே எதற்கு உட்கார்ந்திருக்கிறேன்?" என்று கேட்டார். முழங்கைக்குக் கீழே வெறும் சாம்பல் நிறம்தான் இருந்தது. நூலகத்தில் நான் கடந்துபோன அந்தப் பாரிஸ் கறை, என் படத்தில் அவருடைய கையாக வந்து உட்கார்ந்திருந்தது.

அதன் பிறகு இரண்டு வாரங்கள் பதினாறு நொடியை விட்டுவிட்டு, இரண்டு நொடி, ஒரு நொடி, அரை நொடி என்று இறங்கி வந்தேன், கை அகப்படவில்லை. என் திண்டாட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவரே கடைசியில் வழி சொன்னார். குத்தூசியைச் செலுத்தி, நூலைக் கோத்து, இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்து இழுத்து முடித்ததும், தையல் இறுகிவிட்டதா என்று பார்க்க ஒரு கணம் அப்படியே நிறுத்துவாராம். "அப்போது எடுங்கள்" என்றார். அரை நொடிதான் திறந்தேன். நடந்து போகிறவர்கள் கலைந்து போக, விரிந்த இரண்டு கைகளும் தெளிவாக நிற்க, நடுவில் நூல் மட்டும் லேசாக அதிர்ந்து இரட்டைக் கோடாகப் பதிந்தது. காட்சியின் நுழைவாயிலில் மாட்டியிருந்த படம் அதுதான். நாற்சந்தியில் வேலை செய்யும் மற்றவர்களிடமும், கை எங்கே ஓய்கிறது என்று முதலில் கேட்டுவிட்டுப் பிறகு கேமராவைத் திறக்கும் பழக்கம் அவரால் வந்தது.

பிரிண்ட் போட்டுத் தந்த கலைஞருக்கு என் நன்றியோடு ஒரு மன்னிப்பும் உரியது. திரையில் மின்னியதை நம்பி, பெரியவரின் சட்டை வெளுத்துப்போயிருந்ததை அழகு என்று நான் வாதாடினேன். "வெள்ளையில் விவரம் இல்லையென்றால் சட்டை தெரியாது ஐயா, காகிதம்தான் தெரியும்" என்று சொல்லி, ஒன்பது சோதனைப் பிரதிகள் எடுத்து, சட்டையின் மடிப்பும் கிழிசலைத் தைத்த தையலும் புலப்படும் வரை அவர் விடவில்லை.

தம் படத்தை நீக்கச் சொன்ன பெண்மணிக்கும் நன்றி சொல்ல வேண்டும். நெரிசலான டோக்கியோ ரயில்களின் சன்னல் கண்ணாடியில் முகம் அழுந்த நிற்கும் பயணிகளை ஒளிப்படக் கலைஞர் மைக்கேல் வுல்ஃப் எடுத்த படங்கள் என்னை வெகுவாகக் கவர்ந்தவை. சிலர் அவற்றில் கண்களை மூடிக்கொள்கிறார்கள், கையால் மறைக்கிறார்கள். அந்தக் கை எனக்கு வெகுநாள் படத்தின் ஓர் அழகாகவே தெரிந்தது. பேருந்துக்காகக் காத்து நின்ற அந்தப் பெண்மணி நேரே என்னிடம் வந்து, "நான் நின்றது பேருந்துக்காக, உங்களுக்காக இல்லை" என்று சொன்ன பிறகு, அப்படிப் பார்க்க முடியவில்லை. அன்றே அவர் கண் முன்னே நீக்கிவிட்டேன். கேட்காமல் எடுத்திருந்த வேறு நான்கு படங்களையும் தேர்விலிருந்து எடுத்துவிட்டேன். அவை நல்ல படங்கள், அதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

வெயில் நாள்களில் தம் நாற்காலியைத் தந்த காவலாளிக்கும், ட்ரைபாடை நடைபாதையில் எங்கே வைத்தால் யாருக்கும் இடறாது என்று காட்டிய போக்குவரத்துக் காவலருக்கும், சுவரில் ஆணியடித்து உதவிய இளைஞர்களுக்கும், என் ஞாயிற்றுக்கிழமைகளைப் பொறுத்துக்கொண்ட குடும்பத்தாருக்கும் நன்றி.

படங்களில் இடம்பெற்றவர்களுக்கு உரிய பிரதிகளை ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்க் கொடுத்து வருகிறேன். இருபத்தேழாம் படத்தில், பச்சைக் குடையின் கீழ் இரண்டு கைப்பைகளோடு நிற்கும் அம்மாவுடையது மட்டும் இன்னும் என்னிடமே இருக்கிறது. படமெடுக்கச் சம்மதித்த அவர், பிரதியை வாங்க மறுவாரம் வருவதாகச் சொல்லியிருந்தார். இந்த மடல் அவர் கண்ணில் பட்டால், மாலை நேரங்களில் நான் அதே நாற்சந்தியில், பெரியவரின் பக்கத்தில் இருப்பேன்.

நன்றியுடன்,
படமெடுத்தவன்