கானா சபாநாயகருக்கு ஓட்டு கிடையாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கானா நாடாளுமன்ற சபாநாயகர் ஆல்பன் பாக்பினைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். மேற்கு ஆப்பிரிக்க அரசியல்வாதி ஒருவருக்கு இத்தனை இடம் ஒதுக்கியதே நல்ல விஷயம். ஆனால் அதில் இரண்டு வரிகள் தவறு: 2021-இல் அவர் "தன் வாக்கால் பட்ஜெட்டைக் கவிழ்த்தார்" என்பது ஒன்று, 2024-இல் "கட்சி தாவிய நான்கு பேரைத் தகுதிநீக்கம் செய்தார்" என்பது மற்றொன்று. இரண்டும் நம் ஊர் சபாநாயகரை மனதில் வைத்து எழுதப்பட்டவை.

கட்டுரையில் வந்த வாழ்க்கைக் குறிப்பு பெரும்பாலும் சரி. 1957-இல் நாட்டின் வடமேற்கே சோம்போ என்ற ஊரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். லெகானில் உள்ள கானா பல்கலைக்கழகத்தில் படித்து வழக்கறிஞர் ஆனார். நான்காம் குடியரசின் (1992 அரசமைப்பின்படி அமைந்த இன்றைய ஆட்சிமுறை) முதல் நாடாளுமன்றம் 1993 ஜனவரியில் கூடியபோதே நாடோலி பகுதியின் எம்.பி.யாக உள்ளே வந்துவிட்டார். அந்தத் தேர்தலைப் பிரதான எதிர்க்கட்சியான என்.பி.பி. (புதிய தேசபக்திக் கட்சி) புறக்கணித்திருந்தது, 200 இடங்களில் 189 பாக்பினின் என்.டி.சி. (தேசிய ஜனநாயக காங்கிரஸ்) கட்சிக்கே போயின. அதன்பின் தொடர்ந்து ஏழு முறை, 28 ஆண்டுகள் எம்.பி. அந்த நாடாளுமன்றத்தில் அவ்வளவு காலம் நீடித்தவர் வேறு யாரும் அப்போது இல்லை. எதிர்க்கட்சித் தலைவர், ஆளுங்கட்சித் தலைவர், நீர்வளம் மற்றும் வீட்டுவசதி அமைச்சர், சுகாதார அமைச்சர், இரண்டாம் துணை சபாநாயகர் என்று வரிசையாகப் பார்த்தவர். 2019-இல் கட்சியின் அதிபர் வேட்பாளராக முயன்று ஜான் மஹாமாவிடம் தோற்றார். 2020 தேர்தலில் நிற்கவில்லை.

நிற்கவில்லை என்பதைக் கட்டுரை தாண்டிப் போய்விட்டது. கானாவில் சபாநாயகர் எம்.பி.யாக இருக்கக் கூடாது. எம்.பி. ஒருவர் சபாநாயகராகத் தேர்வானால் அந்தக் கணமே அவருடைய தொகுதி காலி. அவருக்கு வாக்கு இல்லை. இரு பக்கமும் சமமாக வந்தாலும் முடிவு வாக்கு இல்லை. சமமாக வந்தால் தீர்மானம் தோற்றதாகப் பொருள். அரசமைப்பின் 104-ஆம் பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. ஆகவே பாக்பின் எந்த பட்ஜெட்டையும் தன் வாக்கால் கவிழ்த்திருக்க வழியே இல்லை.

உண்மையில் நடந்தது முழுக்கக் கணக்கு. 2020 டிசம்பர் தேர்தலில் 275 இடங்களில் இரு கட்சிகளுக்கும் தலா 137. மிச்சமிருந்த ஒருவர் ஃபொமேனா தொகுதியின் சுயேச்சை, ஆண்ட்ரூ அசியாமா அமோவாக்கோ. அவர் ஆளுங்கட்சியான என்.பி.பி. பக்கம் உட்கார்ந்தார்: 138-க்கு 137. அப்படியிருந்தும் 2021 ஜனவரி 7 விடியற்காலையில் எதிரணியின் பாக்பின் சபாநாயகர் ஆனார். வாக்குச்சீட்டைப் பறித்துக்கொண்டு ஓட ஓர் உறுப்பினர் முயன்றதும், அவைக்குள் ராணுவம் நுழைந்ததும் அந்த இரவில்தான். ரகசிய வாக்கெடுப்பில் 138-க்கு 136 என்று அன்று செய்தி வந்தது. என்.டி.சி.யின் 137 பேரும் அவருக்கே போட்டிருந்தாலும் ஒரு வாக்கு எதிர்வரிசையிலிருந்து வந்திருக்க வேண்டும். யார் என்று கண்டுபிடித்தாலும் அவருடைய எம்.பி. பதவியைப் பறிக்க முடியாது. கொறடா உத்தரவை மீறியதற்காகத் தொகுதியை இழக்கும் விதி, நம் அரசமைப்பின் பத்தாவது அட்டவணையில் (கட்சித் தாவல் தடைச் சட்டம்) இருப்பதுபோல், அங்கே கிடையாது.

இன்னொரு நுணுக்கம். துணை சபாநாயகர்கள் இருவர், இருவரும் எம்.பி.க்களாக இருக்க வேண்டும், ஒரே கட்சியினராக இருக்கக் கூடாது. என்.பி.பி. முதல் இடத்துக்குத் தன் ஜோசப் ஓசெய்-ஓவுசுவையும் இரண்டாம் இடத்துக்குச் சுயேச்சை அமோவாக்கோவையும் கொண்டுவந்தது. விதியின் எழுத்தும் மீறப்படவில்லை, எதிர்க்கட்சிக்கு ஒரு நாற்காலியும் கிடைக்கவில்லை. சாமர்த்தியம்தான், மறுப்பதற்கில்லை.

இனி பட்ஜெட். அவையை நடத்த மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் போதும். எதையேனும் முடிவு செய்யப் பாதிப்பேர் இருக்க வேண்டும். 275-இல் பாதி 137.5, அதாவது 138 பேர். 2021 நவம்பர் 26 அன்று என்.பி.பி. வெளிநடப்பு செய்தபின் பாக்பின் பட்ஜெட்டை வாக்கெடுப்புக்கு விட்டார். 2022-ஆம் ஆண்டு பட்ஜெட் நிராகரிக்கப்பட்டதாக அறிவித்தார். அவையில் எஞ்சியிருந்தது என்.டி.சி. தரப்பு மட்டும், அதன் முழு பலமே 137. நான்கு நாள் கழித்து, பாக்பின் வெளிநாட்டில் இருந்தபோது, ஓசெய்-ஓவுசு தலைமை நாற்காலியில் அமர்ந்து, 137 பேரை வைத்து எடுத்த முடிவு செல்லாது என்றார். அன்று என்.டி.சி. வரவில்லை. ஆளுந்தரப்பிலும், நாற்காலியில் இருந்த அவரைக் கழித்தால், அதே 137-தான்! அவர் தன்னையும் ஓர் உறுப்பினராக எண்ணி 138 ஆக்கி பட்ஜெட்டை நிறைவேற்றினார்.

துணை சபாநாயகர் எம்.பி. என்பதால் அவரைச் சேர்த்து எண்ணலாமா, நாற்காலியில் இருக்கும்போது கூடாதா என்பதே வழக்கு. அவை விதி கூடாது என்றது. 2022 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம், அந்த விதி அரசமைப்புக்கு முரண், எண்ணலாம், வாக்களிக்கவும் செய்யலாம் என்றது. பாக்பின் தீர்ப்பைக் கடுமையாகச் சாடினார். ஆனால் அவருடைய நவம்பர் 26 அறிவிப்பிலும் 138 பேர் இல்லாத அதே குறை இருந்ததை அவருக்குப் பரிந்து எழுதுபவர்கள் சொல்வதில்லை. தங்கள் கட்டுரையாளரும் சொல்லவில்லை. இந்த இழுபறிக்கு நடுவில் இருந்தது மொபைல் பணப் பரிமாற்றத்தின் மீதான இ-லெவி என்ற வரி. முதலில் 1.75 சதவீதம் கேட்டு, 1.5-ஆகக் குறைத்து, 2022 மார்ச் இறுதியில் எதிர்க்கட்சி வெளியேறியபின் நிறைவேற்றினார்கள். 2025-இல் அதை ரத்து செய்துவிட்டார்கள்.

நான்கு தொகுதிகள் விஷயத்துக்கு வருகிறேன். 97-ஆம் பிரிவு சொல்வது: ஒரு கட்சியில் நின்று வென்றவர் அதை விட்டு வேறு கட்சியில் சேர்ந்தாலோ சுயேச்சையாக அவையில் நீடிக்க முயன்றாலோ தொகுதி காலி, சுயேச்சையாக வென்றவர் கட்சியில் சேர்ந்தாலும் காலி. 2020 நவம்பரில், தேர்தலுக்கு ஒரு மாதம் இருக்க, அன்றைய சபாநாயகர் மைக் ஓக்குவாயே இதைக் காட்டித்தான் ஒரு தொகுதியைக் காலி என்று அறிவித்தார். என்.பி.பி. எம்.பி. ஒருவர் வரும் தேர்தலுக்குச் சுயேச்சையாக மனு போட்டதே காரணம். அந்த எம்.பி. வேறு யாருமல்ல, மேலே சொன்ன அமோவாக்கோ. 2024-இல் அவர் என்.பி.பி. வேட்பாளராக மனு போட்டார். சுஹும், அகோனா மேற்கு தொகுதிகளின் என்.பி.பி. எம்.பி.க்களும், அமென்ஃபி மத்தியின் என்.டி.சி. எம்.பி.யும் சுயேச்சையாக மனு போட்டார்கள். அக்டோபர் 17 அன்று பாக்பின் நான்கையும் காலி என்று அறிவித்தார். கணக்கு 138-137 என்பதிலிருந்து 135-136 ஆகி, ஒரே பகலில் எதிர்க்கட்சி பெரும்பான்மை ஆனது. பொதுத்தேர்தலுக்கு மூன்று மாதத்துக்குள் இடைத்தேர்தல் நடத்தக் கூடாது என்பதால் அந்த இடங்களை நிரப்பவும் வழியில்லை.

இது தகுதிநீக்கம் அல்ல. நம் நாட்டில் மனுவை விசாரித்துத் தீர்ப்பு சொல்பவர் சபாநாயகர். கானாவில் தொகுதி காலியா இல்லையா என்ற வழக்கு 99-ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்றத்துக்குப் போகும். சபாநாயகர் செய்தது, தானாகவே காலியாகிவிட்டது என்று அவைக்குத் தெரிவித்தது மட்டுமே என்பது பாக்பின் தரப்பு. மறுநாளே உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அடுத்த அமர்வில் இரு அணிகளும் பெரும்பான்மை இருக்கைகளுக்கு உரிமை கோர, அவை காலவரையின்றி ஒத்திவைக்கப்பட்டது. நவம்பர் 12 அன்று 5-க்கு 2 என்ற கணக்கில் தீர்ப்பு: நடப்பு அவைக்குள்ளேயே அணி மாறினால்தான் தொகுதி காலியாகும், அடுத்த தேர்தலுக்கு வேறு அடையாளத்தில் மனு போடுவது அணி மாறியதாகாது.

தீர்ப்பின் தர்க்கம் எனக்குச் சரியாகவே படுகிறது. அதே தர்க்கத்தில் 2020-இன் ஃபொமேனா அறிவிப்பும் நிற்காது. பாக்பின் தான்தோன்றியாகச் செய்தார் என்று எழுதும்போது, அந்த வழியை முதலில் வெட்டியவர் அவருக்கு முன்பிருந்த சபாநாயகர் என்பதையும் எழுதியாக வேண்டும்.

கடைசியாக ஒரு சிறு விடுபடல். 2024 டிசம்பர் தேர்தலில் என்.டி.சி. 276-இல் 180-க்கும் மேல் வென்றது. 2025 ஜனவரி 7 அன்று பாக்பின் போட்டியின்றி மீண்டும் சபாநாயகர். இரண்டாம் துணை சபாநாயகர் அதே அமோவாக்கோ, இம்முறை என்.பி.பி. எம்.பி.யாக. திருத்தம் வெளியிடும்போது இதையும் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திருச்சி.