பொருள்: லீஸ்டு லைன் (தனி இணைய இணைப்பு) ரவுட்டரில் டூப்ளெக்ஸ் (இருவழிப் பரிமாற்ற) அமைப்பைத் திருத்தக் கோருதல் தொடர்பாக

அனுப்புநர்:
கணினிப் பிரிவுப் பொறுப்பாளர்,
பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம்,
அவிநாசி சாலை, திருப்பூர்.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர்,
இணையச் சேவைப் பிரிவு, கோயம்புத்தூர்.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் ரவுட்டரை மாற்றிய நாள் முதல், எங்கள் லைனில் சிறு மின்னஞ்சல்கள் போய்ச் சேர்கின்றன; ஆனால் பிரிண்டிங் யூனிட்டுக்கான டிசைன் ஃபைல்களும், தூத்துக்குடியில் உள்ள ஷிப்பிங் ஏஜென்ட்டுக்கு அனுப்பும் ஆவணங்களின் ஸ்கேன் பிரதிகளும் பாதியிலேயே நின்றுவிடுகின்றன. நேரில் வந்த தங்கள் பணியாளர், பச்சை விளக்கு எரிவதையும் பிங் (சிறு சோதனைச் செய்திக்கான பதில்) ஒழுங்காக வருவதையும் காட்டி, "லைன் நல்லாத்தானுங்க இருக்குது, நிட்டிங் மெஷின் மோட்டாராலதான் தொந்தரவு" என்று சொல்லிப் புகாரை முடித்துவிட்டார். இந்தக் கட்டடத்தில் பேக்கிங் மட்டுமே நடக்கிறது. நிட்டிங் மெஷின் ஒன்றுகூட இல்லை.

கேபிளின் மீதும் பழி போட வழியில்லை. ரவுட்டரும், எங்கள் கணினிகளை இணைக்கும் சுவிட்சும் ஒரே ரேக்கில், 2 மீட்டர் பேட்ச் கார்டில் (இணைப்புக் கேபிளில்) இணைந்திருக்கின்றன. அதையும் புதிதாக மாற்றிப் பார்த்தாயிற்று.

உண்மைக் காரணம் போர்ட் கணக்கிலேயே (இணைப்பு முனையில் பதிவாகும் பிழை எண்ணிக்கையிலேயே) தெரிகிறது. தங்கள் ரவுட்டர் 100 எம்பிபிஎஸ், ஃபுல் டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும்) என நிலையாக அமைக்கப்பட்டிருக்கிறது. எங்கள் சுவிட்ச் ஆட்டோவில் (எதிர்முனையுடன் பேசித் தானே அமைத்துக்கொள்ளும் முறையில்) இருக்கிறது. எதிர்முனை இந்தப் பேச்சில் (நெகோஷியேஷன்) கலந்துகொள்ளாதபோது, ஆட்டோவில் உள்ள முனையால் வேகத்தை மட்டுமே கண்டறிய முடியும். டூப்ளெக்ஸை அறிய இயலாததால், விதிப்படி ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு (ஒரு நேரத்தில் அனுப்புதல் அல்லது பெறுதல் மட்டும்) இறங்கிவிடும். அதன் பின், ரவுட்டர் எந்நேரமும் அனுப்ப, அதை மோதல் என்று கருதும் எங்கள் சுவிட்ச் தன் ஃப்ரேமை, அதாவது தரவுத் துண்டை, பாதியில் நிறுத்துகிறது. எங்கள் பக்கம் லேட் கொலிஷன் (தாமதமாகத் தெரியும் மோதல்) ஏறுவதும், தங்கள் பக்கம் சிஆர்சி பிழைகள் (சிதைந்து வந்த ஃப்ரேம்கள்) ஏறுவதும் இதனால்தான். போக்குவரத்து குறைவான நேரத்தில் செல்லும் பிங் மோதலில் சிக்குவது அரிது என்பதால், அதை மட்டும் வைத்து லைன் சரியென்று தீர்மானித்தது தவறு.

எங்கள் போர்ட்டையும் ஃபுல் டூப்ளெக்ஸாக நிலைப்படுத்தித் தற்காலிகமாகச் சமாளிக்கலாம். ஆனால் நாளை தாங்கள் ஆட்டோவில் உள்ள வேறு ரவுட்டரைப் பொருத்தினால், இதே கோளாறு தலைகீழாகத் திரும்பும். ரவுட்டரின் கடவுச்சொல் தங்களிடமே இருப்பதால், அதை ஆட்டோவுக்கு மாற்றி, இரு பக்கக் கணக்குகளையும் பூஜ்ஜியமாக்கி, பெரிய ஃபைல் ஒன்றை அனுப்பிச் சோதித்த பிறகே புகாரை முடிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். மோட்டார் மீது பழி சுமத்தி விதித்த வருகைக் கட்டணத்தையும் அடுத்த பில்லில் கழித்துத் தர வேண்டும்.

இப்படிக்கு,
கணினிப் பிரிவுப் பொறுப்பாளர்