ஏ பிளஸ் தேர்வு: பின் எண்ணிக்கை மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

கணினி பழுதுபார்ப்போருக்கான காம்ப்டியா ஏ பிளஸ் சான்றிதழ் தேர்வுக்குப் படிப்பவர்கள் பலர், பாகங்களின் 'பின்' (இணைப்பு முனை) எண்ணிக்கையை உருப்போடுகிறார்கள். மேசைக்கணினி ராமில் (தற்காலிக நினைவகம்) டிடிஆர்4, டிடிஆர்5 என்ற இரு தலைமுறைகளுக்குமே 288 பின்தான். வெட்டுப்பள்ளத்தின் இடமும் மின்னழுத்தமும்தான் (1.2 வோல்ட், 1.1 வோல்ட்) வேறு. மாற்றி அழுத்தினால் ஸ்லாட் (ராம் மாட்டும் பள்ளம்) உடையலாம்.

எஸ்எஸ்டி (கோப்புகளைச் சேமிக்கும் பாகம்) விஷயத்தில் எம்.2 இன்னும் குழப்பும். அது வடிவத்தின் பெயர், வேகத்தின் பெயரல்ல. சாட்டா என்ற மெதுவான இணைப்பு முறை எஸ்எஸ்டியும், என்விஎம்இ என்ற வேகமான முறை எஸ்எஸ்டியும் அதே வடிவில் வருகின்றன. என்விஎம்இ மட்டும் ஏற்கும் ஸ்லாட்டில் சாட்டாவை மாட்டினால் பயாஸில் (கணினி தொடங்கும்போது பாகங்களைச் சரிபார்க்கும் மென்பொருள்) தெரியவே தெரியாது. நல்ல எஸ்எஸ்டியைப் பழுதென்று கடையில் திருப்பிக் கொடுப்பது இப்படித்தான்!

பயிற்சிக்குப் பழைய கணினி ஒன்று போதும். மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வெளியேற்றுங்கள். பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியைத் தொட்டபின் ராமைக் கழற்றி, மறுபடி மின் இணைப்பு கொடுத்து இயக்கி, ராம் இல்லையென எச்சரிக்கும் பீப் ஒலியைக் கவனியுங்கள். ஸ்பீக்கர் இல்லாத மதர்போர்டில் எச்சரிக்கை விளக்கைப் பாருங்கள். நான்கு ஸ்லாட்டில் இரண்டு ராம் என்றால், பெரும்பாலும் பிராசசரிலிருந்து எண்ணி 2-வது, 4-வது ஸ்லாட்டில் மாட்ட வேண்டும். பவர் சப்ளை பெட்டியை மட்டும் திறக்க வேண்டாம். இணைப்பைத் துண்டித்த பின்னும் கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும்.

தேர்வில் 90 நிமிடத்துக்கு அதிகபட்சம் 90 கேள்விகள். செய்துகாட்டும் கேள்விகள் நேரத்தை விழுங்கும். அவற்றைக் கடைசிக்கு ஒதுக்குங்கள்.

- கணினிப் பயிற்றுநர்கள், திருச்சி