காஸ்ஃபர்டுக்கு இறுதிப் போட்டி வந்த வழி

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் ஆஸ்திரேலியக் கால்பந்து பற்றி வந்த கட்டுரை, 2023–24 சீசனில் சென்ட்ரல் கோஸ்ட் மரைனர்ஸ் மூன்று கோப்பைகளை (ஆஸ்திரேலியாவின் முதன்மைக் கால்பந்துப் போட்டியான ஏ-லீக்கில் முதலிடம், அதன் இறுதிப் போட்டி, ஆசியக் கிளப்புகளுக்கான ஏ.எஃப்.சி. கோப்பை) வென்றதை ‘அதிர்ஷ்டம்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. சிட்னி, மெல்பர்ன் அணிகளுக்குப் பத்தி பத்தியாக இடம் கொடுத்திருக்கிறீர்கள். சிட்னிக்கு வடக்கே ரயிலில் போய்வரும் தொலைவில் உள்ள காஸ்ஃபர்டின் அணிக்கு ஒரு வரி, அதிலும் இப்படி ஒரு சொல். அந்த சீசனின் தேதிகளையும் புள்ளிகளையும் அடுக்கிப் பார்த்தால் அந்தச் சொல் நிற்காது.

முந்தைய சீசனிலிருந்து தொடங்க வேண்டும். 2023 ஜூன் 3 அன்று சிட்னியின் பாரமட்டாவில் நடந்த இறுதிப் போட்டியில் மெல்பர்ன் சிட்டியை 6–1 என்று வென்று மரைனர்ஸ் சாம்பியன் ஆனது. அடுத்த சில வாரங்களிலேயே அந்த அணி கலைந்தது. அதில் மூன்று கோல் அடித்த ஜேசன் கமிங்ஸ் கொல்கத்தாவின் மோகன் பகானுக்குப் போனார். சாம் சில்வெரா மிடில்ஸ்பரோவுக்கும், பின்களத்தில் நின்ற ட்ரயான்டிஸ் சண்டர்லாந்துக்கும் போனார்கள். செப்டம்பரில் பயிற்சியாளர் நிக் மான்ட்கோமரியும் ஸ்காட்லாந்தின் ஹைபர்னியன் அணிக்குக் கிளம்பிவிட்டார். லீக் தொடங்கச் சில வாரங்களே இருக்கும்போது மார்க் ஜாக்சன் பொறுப்பேற்றார். நடப்புச் சாம்பியன் முதல் நான்கு லீக் ஆட்டங்களிலும் தோற்றது இந்த நிலையில்தான். கோல் அடிப்பவர் புதிது, பக்கவாட்டில் ஓடுபவர் புதிது, சொல்லிக்கொடுப்பவரும் புதிது. இதற்கு நடுவே ஏ.எஃப்.சி. கோப்பைக்காக மலேசியாவின் தெரங்கானு, இந்தோனேசியாவின் பாலி யுனைடெட், பிலிப்பைன்ஸின் ஸ்டாலியன் லகூனா ஆகிய அணிகளோடும் மோத வேண்டியிருந்தது. விமானத்தில் கழியும் நாட்களில் புதியவர்களைப் பழக்க முடியாது.

ஆனால் அணியின் முதுகெலும்பு கைவிட்டுப் போகவில்லை. கோல்கீப்பரும் கேப்டனுமான டேனி வுகோவிச், வனுவாட்டுவின் பிரயன் கல்டாக், டேன் ஹால், இடப்பக்கப் பின்களத்தில் ஜேக்கப் ஃபேரல், நடுக்களத்தில் மேக்ஸ் பலார்ட், ஜாஷ் நிஸ்பெட் என்று ஒருவரை ஒருவர் அறிந்த வரிசை அது. இவர்களில் பலர் அந்தக் கிளப்பின் இளையோர் அணிகளில் வளர்ந்தவர்கள். பின்வரிசையும் நடுவரிசையும் பழக்கப்பட்டதாக இருந்தால் முன்வரிசையில் புதியவர்களைப் பொருத்திக்கொள்ள ஒரு மாதம் போதும்; இரண்டையும் சேர்த்து மாற்றினால் சீசனே போய்விடும். மீதி 23 ஆட்டங்களில் மரைனர்ஸ் 17 வென்றது, 4 சமன் செய்தது, இரண்டில் மட்டும் தோற்றது. மொத்தம் 55 புள்ளிகள். இரண்டாம் இடம் பிடித்த வெலிங்டன் ஃபீனிக்ஸுக்கு 53. உயரத்தில் மிகச் சிறியவரான நிஸ்பெட் அந்த ஆண்டின் சிறந்த வீரருக்கான ஜானி வாரன் பதக்கத்தை வென்றார்.

லீக்கில் 27, ஏ.எஃப்.சி. கோப்பையில் 13, லீக் முடிந்தபின் சாம்பியனைத் தீர்மானிக்கும் கடைசிச் சுற்றுகளில் 3 என்று இந்த மூன்று போட்டிகளில் மட்டும் 43 ஆட்டங்கள். ஆசியப் பயணம் இல்லாத அணிகள் இதில் மூன்றில் இரண்டு பங்குதான் ஆடின. மார்ச்சில் நம் ஒடிசா எஃப்.சி.யோடு காஸ்ஃபர்டிலும் புவனேஸ்வரிலும் ஆட்டம். பிறகு கிர்கிஸ்தானின் அப்திஷ்-அதா கான்ட். மே மாதத்தைத் தனியாகப் பாருங்கள். மே 1-இல் அடிலெய்ட் யுனைடெடை வென்று லீக்கில் முதலிடம் உறுதியானது. மே 5-இல் ஓமனின் மஸ்கட்டில் லெபனானின் அல் அஹெத் அணியோடு கோப்பை இறுதி. நெடுந்தூர விமானம், ஆறு மணி நேர வித்தியாசம், காஸ்ஃபர்டின் இலையுதிர் காலக் குளிரிலிருந்து நேரே வளைகுடா வெக்கை. 84-ஆவது நிமிடத்தில் அலூ குவோல் அடித்த ஒரே கோலில் வெற்றி. ஓர் ஆஸ்திரேலிய அணி அந்தக் கோப்பையை வென்றது அதுவே முதல் முறை. திரும்பி வந்து மே 10-இல் சிட்னி எஃப்.சி.யோடு அரையிறுதியின் முதல் ஆட்டம், 18-இல் இரண்டாவது. இரண்டும் சேர்த்து 2–1 என்று மரைனர்ஸ் வென்றது. மே 25-இல் லீக் இறுதி. இத்தனையையும் பதினொரு பேரை வைத்துக்கொண்டு ஆட முடியாது. இறுதிப் போட்டியில் மெல்பர்ன் விக்டரி 1–0 என்று முன்னிலையில் இருந்தபோது, இடையில் களமிறங்கிய ரயன் எட்மண்ட்சன்தான் 90 நிமிடம் தாண்டிச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தின் ஏழாவது நிமிடத்தில் இளம் வீரர் மிகேல் டி பிசியோ ஒன்று போட்டார். கடைசியில் மீண்டும் எட்மண்ட்சன். 3–1. முப்பத்தொன்பது வயது வுகோவிச்சுக்கு அதுவே கடைசி ஆட்டம்.

கட்டுரையில் இல்லாத இன்னொரு முக்கியமான செய்தி, அந்த இறுதி எந்த ஊரில் நடந்தது என்பது. 2022 டிசம்பரில் ஏ-லீக் நிர்வாகம் மூன்று ஆண்டு இறுதிப் போட்டிகளையும் சிட்னியில் நடத்தும் உரிமையை நியூ சவுத் வேல்ஸ் அரசின் சுற்றுலா அமைப்புக்கு விற்றது. நாடெங்கும் ரசிகர்கள் கொதித்தார்கள். ஆட்டத்தின் நடுவில் அரங்கைவிட்டு வெளியேறினார்கள். 2023-இல் லீக் முதலிடம் பெற்ற மெல்பர்ன் சிட்டி தன் ஊரில் ஆட வேண்டிய இறுதியைப் பாரமட்டாவில் ஆடியது இந்த விற்பனையால்தான். 2023 அக்டோபரில் அந்த முடிவு கைவிடப்பட்டு, புள்ளிப் பட்டியலில் மேலே உள்ள அணியின் மைதானத்தில் இறுதி என்ற பழைய முறை திரும்பியது. வெலிங்டனைவிட இரண்டே புள்ளி கூடுதல் என்றேனே, அதன் மதிப்பு இங்கேதான் புரியும். சுமார் 20,000 பேர் அமரக்கூடிய, தென்முனையில் இருக்கைகள் இல்லாமல் பனைமரங்களும் நீர்ப்பரப்பும் தெரியும் காஸ்ஃபர்ட் மைதானத்துக்கு முதல் முறையாக இறுதிப் போட்டி வந்தது. விற்பனை நீடித்திருந்தால் அதையும் சிட்னியே எடுத்துக்கொண்டிருக்கும். அந்த ரசிகர்களின் கோபம் நியாயமானது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மாநிலத் தலைநகரங்களுக்கு வெளியே ஒரு கிளப் பிழைத்திருப்பதே அங்கே கடினம். டவுன்ஸ்வில்லின் நார்த் குயின்ஸ்லாந்து ஃப்யூரி 2009-இல் சேர்ந்து 2011-இல் மறைந்தது; கோல்ட் கோஸ்ட் யுனைடெட் 2012-இல். மரைனர்ஸும் 2015–16 முதல் ஐந்து சீசன்களில் நான்கு முறை கடைசி இடம். வளர்த்த வீரரை விற்றுத்தான் காலம் தள்ள வேண்டும். மூன்று கோப்பைக்குப் பிறகும் அதுவே நடந்தது. பலார்ட் நெதர்லாந்தின் பிரெடாவுக்கும், ஃபேரல் போர்ட்ஸ்மத்துக்கும், நிஸ்பெட் ஸ்காட்லாந்தின் ராஸ் கவுன்டிக்கும் போனார்கள். வுகோவிச் ஓய்வு பெற்றார். 2023-இல் முன்வரிசை போனது; 2024-இல் முதுகெலும்பே போனது. 2024–25-இல் மரைனர்ஸ் பத்தாம் இடத்துக்கு இறங்கியதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

ஒரு வேண்டுகோள். ஏ-லீக்கில் புள்ளிப் பட்டியலில் முதலிடம் பெறுவது ஒரு பரிசு, இறுதிப் போட்டியை வெல்வது வேறொரு பரிசு. ஐரோப்பிய லீக்குகளைப் பார்த்துப் பழகிய நம் வாசகர்கள் இரண்டையும் ஒன்றென்று எண்ணுவார்கள். இனி இந்த லீக்கின் பட்டியலை வெளியிடும்போது இரண்டையும் தனித்தனிக் கட்டங்களில் தாருங்கள். இறுதி நடந்த மைதானத்தின் பெயரையும் பக்கத்தில் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்