நீ அனுப்பிய பைக் போட்டோவைப் பார்த்தேன்

கண்ணு,

வண்டி அழகாகத்தான் இருக்கிறது, அதில் சண்டையில்லை. டேங்க் புடைத்துக்கொண்டு, பின் சீட் வானத்தைப் பார்த்துக்கொண்டு, நிற்கும்போதே எங்கோ கிளம்பிவிட்ட மாதிரி நிற்கிறது. 400 சிசி, 40 குதிரைத்திறனுக்கு மேல், எடை 170 கிலோ என்று நீயே கீழே எழுதிவிட்டு "எப்படிம்மா?" என்று கேட்டிருந்தாய். போனில் பதில் சொன்னால் நீ நடுவில் பேசுவாய், எனக்குக் கோபம் வரும், பேச்சு வேறு எங்கோ போய் முடியும். அதனால்தான் எழுதுகிறேன். முழுதும் படித்துவிட்டு அப்புறம் திட்டு.

பயந்துபோய்ச் சொல்கிறேன் என்று மட்டும் நினைக்காதே. இருபத்திரண்டு வருஷம் நூறு சிசி வண்டியில் வேலைக்குப் போய் வந்தவள் நான். உன்னை டேங்க்மேல் உட்கார வைத்துக்கொண்டு போயிருக்கிறேன் (இன்று நினைத்தால் உடம்பு கூசுகிறது, அதை யாரும் செய்யக் கூடாது). பைக் வாங்காதே என்று சொல்ல எனக்கு வாய் கிடையாது. நெரிசலில் ஓட்டப்போகிற பைக்கை நெரிசலை வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்பதுதான் என் பேச்சு.

உன் கணக்கையே எடுப்போம். ஆபீஸ் 12 கிலோமீட்டர், போய்ச்சேர 45 நிமிஷம் என்றாய். அப்படியென்றால் சராசரி மணிக்கு 16 கிலோமீட்டர். நன்றாக மிதிக்கிற சைக்கிள்காரர் அந்த வேகத்தில் போவார். நடுவில் எங்கோ ஒரு கிலோமீட்டர் ரோடு காலியாகக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள். 50-இல் போனால் அதைக் கடக்க 72 விநாடி, பெரிய வண்டியை முறுக்கி 80-இல் போனால் 45 விநாடி. மிச்சம் 27 விநாடி. அதை அடுத்த சிகப்பு விளக்கு ஒரே வாயில் விழுங்கிவிடும், பக்கத்தில் அதே சின்ன வண்டிக்காரர் வந்து நின்று உன்னைப் பார்ப்பார். 40 குதிரையைக் கட்டிவைத்துத் தீனி போடுவது இந்த 27 விநாடிக்காகவா?

எடை விஷயம் ஸ்பெக் ஷீட்டைப் பார்த்தால் புரியாது. எனக்குப் புரிந்த நாள் ஒன்று உண்டு. நீ கைக்குழந்தையாக இருந்தபோது என் வண்டி ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது, கூட வேலை பார்த்தவர் தன் 350-ஐ ஒரு வாரம் கொடுத்தார். மூன்று நாள் ராணி மாதிரி போனேன். நாலாம் நாள் சிக்னலில் நின்று கால் ஊன்றினேன், ஊன்றிய இடத்தில் ரோடு நாலு விரல் பள்ளம். வண்டி லேசாகச் சாய்ந்தது. அந்த லேசாக என்பதற்குள் பிடித்துவிட்டால் உண்டு, கொஞ்சம் தாண்டிவிட்டால் அவ்வளவு எடையை ஒற்றைக் காலால் நிறுத்த யாராலும் முடியாது. மெதுவாக, மரியாதையாக, நானும் வண்டியும் படுத்தோம். அடி இல்லை. ஆனால் பின்னால் ஹாரன் அடிக்க அடிக்க அதைத் தூக்க இரண்டு பேர் இறங்கி வர வேண்டியிருந்தது. என் வண்டி 110 கிலோவுக்குக் கொஞ்சம்தான் கூட. அதுவும் என்மேல் சாய்ந்திருக்கிறது, ஒரு தடவை இல்லை, பல தடவை. இடுப்பைக் கொடுத்து நிமிர்த்திவிட்டுப் போய்க்கொண்டே இருப்பேன்.

நெரிசலில் பைக் ஓட்டுவது என்றால் பாதி நேரம் ஓட்டுவதே இல்லை, தள்ளுவதும் தாங்குவதும்தான். பார்க்கிங்கில் பின்னால் இழுப்பது, இரண்டு காருக்கு நடுவே ஹேண்டிலை ஒடித்துத் திருப்புவது, சரிவில் நிற்கும்போது ஒரு காலால் தாங்குவது. இதெல்லாம் நாளைக்கு இருபது முப்பது தடவை நடக்கும்.

அப்புறம் கியர். நூறு, நூற்றிருபத்தைந்து சிசி வண்டிகள் வேலைக்குப் போய் வருவதற்கென்றே செய்தவை. குறைந்த இன்ஜின் சுழற்சியிலேயே இழுவை கிடைக்கும், கியரும் குட்டை, அதாவது மெதுவாகப் போவதற்கு ஏற்றபடி அமைத்தது. இரண்டாவது கியரில் நடக்கிற வேகத்துக்குக் கொஞ்சம் மேலே திணறாமல் ஊர்ந்துகொண்டே வரும். நீ காட்டியது மாதிரி வண்டிகளில் முதல் கியரே நீளம். அதன் உயிர் மேலே, நிமிஷத்துக்கு ஏழாயிரம் எட்டாயிரம் சுழற்சியில் இருக்கிறது, பத்து கிலோமீட்டர் வேகத்தில் போகச் சொன்னால் குலுங்கும், வெட்டும், அதனால் அரை கிளட்சிலேயே ஓட்ட வேண்டிவரும். ஒரு மாதம் அப்படி ஓட்டிப் பார், இடது மணிக்கட்டு உனக்கே கடிதம் எழுதும். கிளட்ச் பிளேட்டும் சீக்கிரம் தேயும்.

சூடு இன்னொன்று. நாம் ஊற்றுகிற பெட்ரோலில் கால்பாகம், நல்ல நிலையில் அதற்குச் சற்று மேல், சக்கரத்துக்குப் போகிறது, மீதி எல்லாம் சூடாகத்தான் வெளியே வருகிறது. பெரிய இன்ஜின் நிற்கும்போதும் கூடுதலாகக் குடிக்கும், கூடுதலாகச் சுடும். ரேடியேட்டர் இருக்கிறதே என்பாய். இருக்கிறது, அதன் ஃபேன் அந்தச் சூட்டை எடுத்து நேராக உன் முழங்காலுக்குத்தான் ஊதும். சின்ன இன்ஜினுக்கு ரேடியேட்டரே வேண்டாம், சுற்றியிருக்கும் தகடுகளில் படுகிற காற்று போதும், நெரிசலில் அந்தக் காற்றும் குறைவு என்றாலும் அது உண்டாக்குகிற சூடே கொஞ்சம். மைலேஜ் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, நூறு சிசி லிட்டருக்கு 60 கிலோமீட்டர் ஓடுகிற இடத்தில் அந்த வண்டி 25, 30 தரும்.

சின்ன வண்டி என்றால் இல்லாதவர்கள் வண்டி என்று ஒரு நினைப்பு உங்கள் வயதில் இருக்கும், எனக்கும் இருந்தது. உலகத்திலேயே அதிகம் செய்யப்பட்ட மோட்டார் வண்டி எது தெரியுமா? ஹோண்டா சூப்பர் கப். 1958-இல் வந்தபோது அதன் இன்ஜின் 49 சிசி, நாலரைக் குதிரைத்திறன். ஒரு கையில் சாமானை ஏந்திக்கொண்டு இன்னொரு கையால் ஓட்டுகிறவர்களை மனதில் வைத்து, இடது கையில் கிளட்ச் லீவரே இல்லாமல் செய்தார்கள். 2017-இல் பத்து கோடியாவது வண்டி வெளியே வந்தது. எந்தக் காரும் அந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை.

சரி, எதை வாங்குவது? 125 சிசி வாங்கு. உன் எடைக்கும், எப்போதாவது பின்னால் ஒருவர் ஏறினாலும், மேம்பாலம் ஏறவும் அது போதும். தினமும் பாதி வழி 70, 80-இல் ஓடுகிற புறவழிச் சாலை என்றால் 150, 160 வரை போ, அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் உன் வழி அப்படி இல்லை. வாரக்கடைசி மலைப்பயணம்தான் காரணம் என்றால், வருஷத்துக்கு நாலு தடவை பெரிய வண்டியை வாடகைக்கு எடுத்துக்கொள். ஸ்கூட்டரும் நல்லதுதான், கிளட்ச் தொல்லையே இல்லை. ஆனால் அதன் சின்னச் சக்கரம் 10, 12 அங்குலம்தான், பள்ளத்தில் இறங்கினால் முழுதாக இறங்கும், பைக்கின் 17, 18 அங்குலச் சக்கரம் அதே பள்ளத்தைத் தாண்டிவிடும். மின்சார வண்டி, வீட்டில் சார்ஜ் போட இடம் இருந்தால் நானே சிபாரிசு செய்வேன். உன் மூன்றாவது மாடிக்கு அது சரிப்படாது.

பிரேக்கில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதே. முன்சக்கரத்துக்காவது ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் சுழலாமல் பூட்டி வழுக்குவதைத் தடுப்பது) இருக்கிற மாடலாகப் பார். கூட்டு பிரேக் என்று ஒன்று சின்ன வண்டிகளில் வரும், பின் பிரேக்கை மிதித்தால் முன்னாலும் கொஞ்சம் பிடிக்கும். நல்லதுதான், ஆனால் ஈரத்தில் சக்கரம் பூட்டிக்கொள்வதை அது தடுக்காது, ஏபிஎஸ்தான் தடுக்கும். மழை ஆரம்பித்த முதல் பத்து நிமிஷம், ரோட்டில் கிடந்த எண்ணெயும் தூசியும் மேலே மிதந்து வரும். மேன்ஹோல் மூடியும் ரோட்டில் அடித்த வெள்ளைக் கோடும் அப்போது சோப்பு போட்ட மாதிரி. அவற்றின்மேல் போகும்போது பிரேக்கும் வேண்டாம், திருப்பலும் வேண்டாம், அப்படியே நேராக விட்டுவிடு.

ஆயில் பற்றி ஒரு கதை. ஒரு முறை அவசரத்துக்கு ஏதோ ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஆயில் மாற்றினேன். கார் ஆயிலை ஊற்றிவிட்டார்கள். அடுத்த வாரம் முறுக்கினால் இன்ஜின் சத்தம் மட்டும் ஏறுகிறது, வண்டி போக மாட்டேன் என்கிறது. காரணம், பைக்கில் கிளட்ச் பிளேட்டுகள் அந்த இன்ஜின் ஆயிலுக்குள்ளேயே முங்கிக் கிடக்கின்றன, கார் ஆயிலில் உராய்வைக் குறைக்கச் சேர்க்கிற சரக்கு அந்தப் பிளேட்டையும் வழுக்க வைத்துவிடும். டப்பாவில் ஜாஸோ எம்ஏ (JASO MA) என்ற தரக்குறி இருக்கிறதா பார்த்து வாங்கு. எம்பி (MB) என்று இருந்தால் அது ஸ்கூட்டருக்கு. இரண்டு எழுத்துக்காக நான் ஒரு செட் கிளட்ச் பிளேட் மாற்றினேன்.

மற்றபடி சின்ன வண்டி கேட்பது கொஞ்சம்தான். வாரம் ஒரு தடவை காலையில், டயர் சூடாவதற்கு முன், காற்றுப் பார். ஐந்நூறு கிலோமீட்டருக்கு ஒரு தடவை செயினுக்கு எண்ணெய். தூசி ரோடு என்றால் ஏர் ஃபில்டரைக் கையேட்டில் சொன்னதற்கு முன்னாலேயே கழற்றிப் பார்.

வாங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமை காலி மைதானம் எங்காவது தேடு. வேகமாக ஓட்ட இல்லை, எவ்வளவு மெதுவாக முடியும் என்று பார்க்க. இரண்டு காலும் தரையில் படாமல், கொஞ்சம் முறுக்கி, கிளட்சைப் பாதியில் பிடித்து, பின் பிரேக்கை லேசாக மிதித்துக்கொண்டே நடை வேகத்தில் எட்டு போடு. முன் பிரேக்கைத் தொடாதே, ஹேண்டில் திரும்பியிருக்கும்போது தொட்டால் அங்கேயே கவிழும். கண் முன்சக்கரத்தைப் பார்க்கக் கூடாது, போக வேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும். அரைமணி நேரத்தில் வியர்த்துவிடும். இந்த ஒன்று வந்துவிட்டால் நெரிசலில் பாதி பயம் போய்விடும்.

மீதிப் பயம் இருக்கட்டும், அது வேண்டும். அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் என்பவர் தலைமையில் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் ஏறக்குறைய 900 பைக் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்தார்கள், 1981-இல் அறிக்கை வந்தது. இன்னொரு வண்டியோடு மோதியவற்றில் மூன்றில் இரண்டு பங்கு, மற்ற வண்டிக்காரர் பைக்குக்கு வழி விடாமல் குறுக்கே வந்ததால். விபத்தில் சிக்கியவர்களில் பாதிக்கு மேல் அந்தக் குறிப்பிட்ட வண்டிக்கு வந்து ஐந்து மாதம்கூட ஆகாதவர்கள். அதனால் நீ ஏற்கெனவே ஓட்டத் தெரிந்தவள் என்றாலும் இந்த வண்டிக்குப் புதுசுதான். பஸ்ஸும் லாரியும் திரும்பும் பக்கத்தில் ஒட்டி நிற்காதே, டிரைவரின் முகம் அவர் கண்ணாடியில் உனக்குத் தெரியவில்லை என்றால் அவருக்கு நீ தெரியவில்லை. 40-இல் போகும்போதே ஒரு விநாடிக்கு 11 மீட்டர் ஓடிவிடுகிறாய், பிரேக்கில் கை வைப்பதற்குள் அவ்வளவும் போய்விடும்.

ஹெல்மெட் புதுசு வாங்கு. உன் அண்ணனுடையதை வாங்கிக்கொள்ளாதே, அது இரண்டு தடவை கீழே விழுந்தது எனக்குத் தெரியும். உள்ளே இருக்கும் தெர்மாகோல் ஒரு முறை நசுங்கினால் அவ்வளவுதான், வெளியே ஓடு பளபளவென்றே இருக்கும்.

சனிக்கிழமை ஷோரூமுக்குப் போகிறாய் இல்லையா. இரண்டு வண்டியையும் பார், நான் சொன்னதற்காக அந்தப் பெரியதை விடாதே. ஆனால் சாவி போடுவதற்கு முன்னால் ஒன்று செய். நியூட்ரலில் வைத்து, கொஞ்சம் ஏற்றமாக இருக்கிற இடத்தில் உட்கார்ந்தபடியே காலால் பின்னால் தள்ளிப் பார். இரண்டையும். அப்புறம் அங்கிருந்தே போன் செய்.

அம்மா