குருகும் நீல டிக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பழகிவந்தவர் திடீரெனத் தொடர்பைத் துண்டித்து மறைந்துவிடும் வழக்கத்தை, கைப்பேசிச் செயலிகள் கொண்டுவந்த புதுநோய் என்று தங்கள் ஞாயிறு இணைப்புக் கட்டுரை முடிவுகட்டியிருப்பது ஏற்கத்தக்கதாக இல்லை. குறுந்தொகையின் 25ஆம் பாடலில் கபிலர் காட்டும் தலைவியின் அச்சமும் இதுவே: களவில், அதாவது ஊரறியாக் காதலில், தன்னைக் கூடியவன் சொன்ன சொல்லைப் பொய்த்துவிட்டால், சாட்சிக்கு ஒருவரும் இல்லை, அன்று அங்கிருந்தது, தினைத்தாள் போன்ற சிறிய பசுங்கால்களுடன், ஓடும் நீரில் ஆரல் மீனுக்காகக் காத்து நின்ற குருகு என்னும் நீர்ப்பறவை மட்டுமே. அதுவும் மீனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது!

கல்லூரியில் இப்பாடலை நான் நடத்தியபோது, கடைசி வரிசையில் வழக்கமாகத் தலைகவிழ்ந்து அமர்ந்திருக்கும் மாணவி ஒருவர், "அந்தக் குருகு வாட்ஸ்அப் நீல டிக் மாதிரி ஐயா, பார்த்தது தெரியும், பதில் வராது" என்றார். மணி அடித்த பிறகும் வகுப்பில் விவாதம் ஓயவில்லை. நாமோ தேர்வில் இன்னும் பாடலின் இலக்கண வகைப்பாடான திணை, துறை விளக்கத்தை மட்டுமே கேட்டுக்கொண்டிருக்கிறோம். வினாத்தாள் மாறும்வரை காத்திராமல், தங்கள் நாளிதழ் அதே ஞாயிறு இணைப்பில் வாரம் ஓர் அகப்பாடலை எளிய உரையுடன் வெளியிடலாம். கடவுள் வாழ்த்து நீங்கலாகக் குறுந்தொகையில் மட்டும் 401 பாடல்கள் உள்ளன. ஏழு ஆண்டுகளுக்குப் பஞ்சமில்லை.

– தமிழ்ப் பேராசிரியர் ஒருவர், தஞ்சாவூர்